கரியை வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க: தீயணைப்பு வேலைக்குப் போற நம்ம பிள்ளைகளுக்கு

மக்களே, நான் தீயணைப்புத் துறையில 31 வருஷம் இருந்துட்டு முன்னணி தீயணைப்போரா ரிட்டயர்டு ஆனவன். நாகர்கோவில், தக்கலை, குளச்சல், குழித்துறைன்னு வேலை பாத்தது முக்காவாசியும் குமரி மாவட்டத்துக்குள்ளதான். இப்ப புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்க பசங்களுக்கும் அவங்க வீட்டுல துணி துவைக்குற அம்மைக்கும் பொண்டாட்டிக்கும் சேர்த்துதான், உடம்புலயும் சட்டையிலயும் ஒட்டுற தீக்கரியால புற்றுநோய் வராம பாத்துக்குறது எப்படின்னு இதை எழுதுதேன், ஏன்னா எங்க காலத்துல இதைச் சொல்லித்தர ஒரு ஆளும் இல்ல.

என் கூட ஒரே பேட்ச்ல சேர்ந்த ஒருத்தன், பேரு வேண்டாம், 54 வயசுல ஒண்ணுக்குப் போறப்ப ரத்தம் கலந்து போயிருக்கு. வலி கிடையாது. வலி இல்லன்னதும் உடம்பு சூடுதான்னு அவனே முடிவு பண்ணிட்டான், இளநீர் குடிச்சான், நன்னாரி சர்பத்து குடிச்சான், வெந்தயத்தை ஊறப்போட்டு குடிச்சான், ரெண்டு நாள் நிக்கும் பிறகு ஒரு வாரம் கழிச்சு திரும்ப வரும், இப்படியே 7 மாசம் ஓட்டிட்டான். கடைசில ஸ்கேன் எடுத்தப்ப மூத்திரப்பையில கட்டி, ஆபரேஷன் பண்ணி பையையே எடுத்தாச்சு, இப்ப வயித்துல ஒரு பை ஒட்டிக்கிட்டு நடமாடுதான். உயிரோட இருக்கான், அது பெரிய காரியம். ஆனா அந்த 7 மாசத்தை நெனச்சா எனக்கு இன்னும் மனசு ஆறமாட்டேங்குது, மூத்திரத்துல ரத்தம் வந்தா தீயணைப்புக்காரன் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது.

அவனுக்கு இந்த வேலையாலதான் வந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன், அவன் பீடியும் குடிச்சான். ஆனா விஷயம் இதுதான்: 2022-ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம், பிரான்ஸ்ல லியோன் நகரத்துல இருக்கு, ஐஏஆர்சின்னு சொல்லுவாங்க, அவங்க தீயணைப்பு வேலையவே புற்றுநோய் உண்டாக்குறது உறுதின்னு முதல் வகையில சேத்துட்டாங்க. 2007-ல இதே ஆளுங்க "இருக்கலாம்"னுதான் சொன்னாங்க, 15 வருஷத்துல "இருக்கலாம்" போயி "உறுதி" ஆகியிருக்கு. சாட்சி பலமா இருக்குன்னு அவங்க சொல்றது ரெண்டு நோய்க்கு, ஒண்ணு மூத்திரப்பை புற்றுநோய், இன்னொண்ணு நுரையீரலைச் சுத்தி இருக்க சவ்வுல வர்ற மீசோதீலியோமா. பெருங்குடல், புராஸ்டேட், விதைப்பை, தோல்ல வர்ற மெலனோமா, நெணநீர்ல வர்ற ஒரு வகை, இதுக்கெல்லாம் ஓரளவு சாட்சி இருக்கு. முதல் வகைன்னா சாட்சி உறுதின்னு அர்த்தம், வேலைக்குப் போற எல்லாருக்கும் வந்துடும்னு அர்த்தம் இல்ல, இதைப் படிச்சிட்டு வீட்டுல யாரும் அழ ஆரம்பிக்கக் கூடாது. அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ, பிலடெல்பியா மூணு ஊர்லயும் சேர்த்து கிட்டத்தட்ட 30,000 தீயணைப்பு வீரர்களோட கணக்கை எடுத்துப் பாத்து 2013-ல வெளியிட்டாங்க, பொதுஜனத்தோட ஒப்பிட்டா புற்றுநோய் வர்றது 9 சதவீதமும் அதால சாகுறது 14 சதவீதமும் கூடுதல், அந்த மீசோதீலியோமா மட்டும் ரெண்டு மடங்கு. 100 பேருக்கு வர்ற இடத்துல 109 பேருக்கு வருதுன்னு வச்சுக்கோங்க. அந்த 9 பேரை நம்மால குறைக்க முடியும், அதுக்குத்தான் இவ்வளவு எழுதுதேன்.

நம்ம மாவட்டத்துல புற்றுநோய்னு வாய் திறந்தாலே பேச்சு மணவாளக்குறிச்சி கடற்கரையில இருக்க கதிரியக்க மணலுக்குப் போயிடும். அது தனிப் பேச்சு, அதுக்குள்ள நான் போகல. நம்ம சட்டைக் காலர்ல ஒட்டியிருக்க கரியைப் பத்தி யாருமே பேசலங்கிறதுதான் என் ஆதங்கம். கரியால புற்றுநோய் வரும்னு 1775-லயே லண்டன்ல பெர்சிவல் பாட்னு ஒரு சர்ஜன் எழுதி வச்சிருக்கார். சின்ன வயசுலேருந்து புகைபோக்கிக்குள்ள இறங்கி கரி சுரண்டின பசங்களுக்கு பெரியவங்க ஆனதும் விதைப்பைத் தோல்ல புற்றுநோய் வந்துச்சு, தோல் மடிப்புல கரி போய் உக்காந்துக்கிட்டதுதான் காரணம்னு கண்டுபிடிச்சார். வேலையால புற்றுநோய் வரும்னு உலகத்துல முதன்முதல்ல தெரிஞ்சதே கரியாலதான் மக்களே. நமக்கும் அதே கரி, அதே மடிப்புங்க. கழுத்து, காதுக்குப் பின்னால, அக்குள், தொடை இடுக்கு.

எப்படி உள்ள போகுது

மூக்கு வழியா போறது எல்லாருக்கும் தெரியும். தோல் வழியா போறது பாதிப் பேருக்குத் தெரியாது. வாய் வழியா போறதை யாரும் யோசிக்கிறதே இல்ல. தீ அணைஞ்சதும் பக்கத்து வீட்டு அக்கா பாவம் பாத்து ஒரு சருவம் நிறைய கட்டஞ்சாயாவும் தட்டுல வடையும் கொண்டு வருவாங்க, நாம கையைப் பேன்ட்ல ஒரு துடை துடைச்சிட்டு எடுத்துத் தின்போம். ஒருதடவை குளச்சல் பக்கம் ஒரு கால் (தீன்னு கூப்பிட்டா போற வேலையை நாங்க அப்படித்தான் சொல்லுவோம்) முடிஞ்சு நான் எடுத்த பழம்பொரியைப் பாத்தேன், மஞ்சள் மாவு மேல என் அஞ்சு விரல் ரேகையும் கருப்பா அச்சு மாதிரி பதிஞ்சிருக்கு. அதைத் தின்னுட்டுத்தான் வண்டி ஏறினேன். அந்த ரேகையில இருந்தது என்னன்னு இப்பத் தெரியும், பென்சோபைரீன்னு ஒரு சாமான், அதுவும் முதல் வகையிலதான் இருக்கு. அதனால முதல் விதி, கை சோப்பு போட்டுக் கழுவாம சாயா கிளாஸைத் தொடக்கூடாது, பீடி சிகரெட்டைத் தொடக்கூடாது, வெத்தில முறுக்கான் மடிக்கக்கூடாது. அந்த அக்காகிட்டயே "ஒரு சோப்பும் ஒரு வாளி தண்ணியும் தாங்கக்கா"ன்னு கேளுங்க, சந்தோஷமா தருவாங்க.

தோலு விஷயம் கொஞ்சம் கவனமா கேக்கணும். உடம்பு சூடாகி வேர்க்கும்போது தோலோட ரத்த ஓட்டம் கூடும், அப்ப மேல ஒட்டியிருக்கது சீக்கிரமா உள்ள இழுக்கும். முகமூடி மாட்டினவனுக்குக் கூட சில மணி நேரத்துல மூத்திரத்துல அந்தக் கரிப் பொருளோட மிச்சம் வருதுன்னா அது பெரும்பாலும் தோல் வழியா போனதுதான். அப்படி உள்ள போனதெல்லாம் கடைசில மூத்திரப்பையில வந்து தேங்கித்தான் வெளிய போகணும், அந்த இடத்துல நோய் வர்றதுக்கு காரணமும் அதுதான்னு நெனக்கிறாங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருதேன். தீ பெருசா எரியும்போது எல்லாரும் உஷாரா இருப்போம், பிஏ செட்டு, அதாவது முதுகுல காத்து சிலிண்டரும் மூஞ்சில முகமூடியும் இருக்க மூச்சுக் கருவி, மாட்டுவோம். தீ அடங்கி புகை லேசானதும் முகமூடியைக் கழட்டி தொங்கவிட்டுட்டு, கம்பியால கிளறிக் கிளறி தணலுக்குத் தண்ணி அடிப்போம் பாருங்க, ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம், அப்பத்தான் அதிகமா உள்ள போகுது. கண்ணுக்குப் புகை தெரியாது, ஆனா பென்சீன், ஃபார்மால்டிஹைடு, பொடிச் சாம்பல் எல்லாம் அங்கதான் நிக்கும். கார்பன் மோனாக்சைடு மீட்டர் வச்சிருக்க ஸ்டேஷன்ல "மீட்டர் பூஜ்யம் காட்டுது, கழட்டலாம்"னு சொல்லுவாங்க, அந்த மீட்டர் கார்பன் மோனாக்சைடை மட்டும்தான் பாக்கும், மத்ததைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது.

நம்ம ஊரு தீயில இன்னொரு தனி ஆபத்து ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. தேங்காய் நாரு பிரிக்குற தும்பு ஆலை, முந்திரிக்கொட்டை உடைக்குற அண்டி ஆபீஸ், செங்கல் சூளைக் கொட்டகை, ரப்பர் ஷீட்டு உலர்த்துற புகைக்கூடம், பழைய வீட்டுக்குப் பின்னால இருக்க விறகுப் புரை, எங்க பாத்தாலும் மேல அதுதான். தீயில சூடேறினா அது படார் படார்னு பட்டாசு மாதிரி வெடிச்சுத் தெறிக்கும், அந்தச் சத்தத்தைக் கேட்ட எல்லாருக்கும் தெரியும். வெடிச்ச ஷீட்டோட விளிம்பைக் கிட்டப் பாத்தா பஞ்சு பிரிஞ்ச மாதிரி வெள்ளை நார் நீட்டிக்கிட்டு நிக்கும், விரல்ல தொட்டா பொடியா ஒட்டும். அந்த நாருதான் மீசோதீலியோமாவுக்குக் காரணம், உள்ள போனா 20, 30, 40 வருஷம் கழிச்சுக்கூட நோயாகும், ரிட்டயர்டு ஆகி பேரப்பிள்ளையைக் கொஞ்சுற வயசுல. அதனால அந்தச் சத்தம் காதுல விழுந்த நிமிஷமே "ஷீட்டு வெடிக்குது, யாரும் முகமூடி கழட்டாதீங்க"ன்னு சத்தமா சொல்லணும். உடைஞ்ச ஷீட்டைக் காய்ஞ்ச நிலையில கம்பியால இழுக்காதீங்க, மிதிச்சு உடைக்காதீங்க, முதல்ல ஸ்ப்ரே வச்சு நல்லா நனைச்சிட்டு அப்புறம் எடுங்க. ஈரமா இருந்தா நார் பறக்காது. வீட்டுக்காரங்க மறுநாள் துடைப்பத்தை எடுத்துக் கூட்ட வருவாங்க, அவங்ககிட்டயும் தண்ணி தெளிச்சுட்டுத்தான் தொடணும்னு சொல்லிட்டு வாங்க.

மாஸ்க்கு பத்தி

ஈரத் தோர்த்தை, துண்டைத்தான் சொல்லுதேன், மூக்குல கட்டிக்கிட்டு நானே எத்தனையோ கால் பாத்திருக்கேன். மனசுக்கு ஒரு தைரியம் தரும், அவ்வளவுதான். பொடித் துகளும் நிக்காது வாயுவும் நிக்காது. என்95 மாஸ்க்கு தூசியை ஓரளவு பிடிக்கும், பென்சீன் மாதிரி வாயு அதுல நேரா உள்ள போகும், ஆஸ்பெஸ்டாஸ் நாருக்கும் அது போதாது. முழுப் பாதுகாப்புன்னா பிஏ செட்டு ஒண்ணுதான்.

செட்டு கம்மியா இருக்குன்னு சொல்லுவீங்க, எனக்குத் தெரியும், அதுக்காகத்தான் கணக்குப் பண்ணிப் பயன்படுத்தணும். 6.8 லிட்டர் சிலிண்டரை 300 பார் வரைக்கும் ஏத்தினா சுமார் 2,000 லிட்டர் காத்து. நிமிஷத்துக்கு 40 லிட்டர்னு வச்சா பேப்பர்ல 50 நிமிஷம் வரும், ஆனா ஹோஸை இழுத்துக்கிட்டு படி ஏறுறவனுக்கு மூச்சு இரைக்கும், அவனுக்கு அரைமணி நேரம்கூட நிக்காது, காத்து தீரப் போகுதுன்னு செட்டுல விசில் அடிச்சிடும். அதனால எல்லா சிலிண்டரையும் தீ கொழுந்து விட்டு எரியிற முதல் கால்மணி நேரத்துலயே தீத்துடாதீங்க. உள்ள ஆள் மாட்டியிருந்தா அது வேற, அப்ப எதையும் பாக்கக்கூடாது. ஆள் இல்லாத கோடவுன்னு தெரிஞ்சா வெளிய நின்னு, காத்து வர்ற திசையில நின்னு தண்ணி அடிங்க, கிளறுற வேலைக்குன்னு ரெண்டு சிலிண்டரை ஒதுக்கி வையுங்க. கிளறுறதுக்கு நாலு பேர் வேண்டாம், செட்டு மாட்டின ரெண்டு பேர் போதும், மத்தவங்க புகை வராத பக்கமா, காத்து வர்ற திசையில தள்ளி உக்காருங்க. சும்மா நின்னு வேடிக்கை பாக்குறவன் குடிக்கிற புகையும் அதே புகைதான். இதை ஸ்டேஷன் ஆபீசர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தயங்காதீங்க, "சார், ஷீட்டு வெடிச்சிருக்கு, செட்டோட ரெண்டு பேர் மட்டும் போறோம் சார்"னு சொன்னா யாரும் வேண்டாம்னு சொல்லமாட்டாங்க.

தோர்த்து காலத்துலேருந்து இன்னொரு பழக்கமும் உண்டு, சட்டையில கரி எவ்வளவு இருக்கோ அவ்வளவு பெரிய வேலைக்காரன்னு நெனக்கிறது. ஹெல்மெட்டைக் கழுவவே மாட்டோம், கருத்துப் போன ஹெல்மெட்டுன்னா சீனியர். இதை இப்பவே விட்டுடுங்க.

அங்கயே கழுவணும்

இதை மட்டும் செஞ்சா போதும், மத்ததெல்லாம் மறந்தாலும் பரவால்ல. தீ அணைஞ்சு ஹோஸ் சுருட்டுறதுக்கு முன்னால, வண்டி ஏறுறதுக்கு முன்னால, அந்த இடத்துலயே கழுவுங்க. தண்ணி வண்டியே கூட இருக்கு, வேற எந்த டிபார்ட்மென்ட்டுக்கும் இந்த வசதி கிடையாது. ஒரு வாளியில தண்ணி, பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு மூடி, மெதுவான நாரு இருக்க ஒரு பிரஷ், இவ்வளவுதான் செலவு. முகமூடியை மாட்டினபடியே ஒருத்தன் நிக்கட்டும், இன்னொருத்தன் கையுறை போட்டுக்கிட்டு பிரஷால மேலேருந்து கீழ தேய்க்கட்டும், ஹெல்மெட், தோள், சிலிண்டர் பட்டை, கை, முதுகு, கடைசியா கம்பூட்டு. பிறகு பிரஷரைக் குறைச்சு மெல்லிசா தண்ணி விட்டு அலசுங்க. அதுக்கப்புறம்தான் முகமூடியைக் கழட்டணும், முதல்லயே கழட்டினா தேய்க்கும்போது கிளம்புற தூசி மூஞ்சிக்குள்ள போகும்.

இது நான் கற்பனையா சொல்லல. 2017-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல சோப்புத் தண்ணியும் பிரஷும் போட்டுக் கழுவினா மேல்சட்டையில ஒட்டியிருக்க அந்தக் கரிப் பொருள்ல சுமார் 85 சதவீதம் போயிடுதுன்னு அளந்து பாத்திருக்காங்க. சோப்பு இல்லாம சும்மா காய்ஞ்ச பிரஷால தட்டினா 23 சதவீதம்தான் போகுது, காத்து அடிச்சு ஊதினா கிட்டத்தட்ட ஒண்ணுமே போகல. அதே ஆய்வுல கழுத்தை ஈரத் துடைப்பானால துடைச்சா பாதிக்கு மேல போயிருக்கு. குழந்தைக்கு பின்னால துடைக்குற அந்த ஈரத் துடைப்பான் பாக்கெட்டு மெடிக்கல்ல கிடைக்குதுல்ல, அதுல ரெண்டு பாக்கெட்டை வண்டி டேஷ்போர்டுல போட்டு வையுங்க. முகம், காதுக்குப் பின்னால, கழுத்து, தொண்டைக்குழி, மணிக்கட்டு, இந்த வரிசையில. நான் ரிட்டயர்டு ஆகுறதுக்கு முந்தின வருஷம் இதைப் பண்ணிப் பாத்தேன், கழுத்தை ஒருதடவை துடைச்சதும் துணி சட்டி அடி மாதிரி கருத்துடுச்சு, ரெண்டாவது துணி சாம்பல் நிறம், நாலாவது துணியிலதான் வெள்ளை தெரிஞ்சுது. அதுக்கு முன்னால இருந்த வருஷங்கள்ல அந்தக் கரி முழுசும் எங்க போச்சுன்னு அன்னைக்குத்தான் யோசிச்சேன்.

கழுவின கோட்டையும் கையுறையையும் வண்டிக் கேபினுக்குள்ள கொண்டு வராதீங்க. பெரிய பிளாஸ்டிக் பையில போட்டு வாய் கட்டி பின்னால லாக்கர்ல போடுங்க, ஏன்னா தீயிலேருந்து வந்த துணி கொஞ்ச நேரத்துக்கு வாயுவை விட்டுக்கிட்டேதான் இருக்கும், கேபின் ஜன்னலைச் சாத்திக்கிட்டு வந்தா நாம அதைத்தான் மூச்சு விடுதோம். ஸ்டேஷன் வந்ததும் ஒரு மணி நேரத்துக்குள்ள தலையோட குளிச்சிடணும், ரிப்போர்ட் எழுதுறது பிறகு. நகத்துக்குள்ளயும் சோப்பு போடுங்க. பாடி ஸ்ப்ரே அடிச்சு வாசத்தை மறைக்கிறது குளிச்சதா ஆகாது.

தீயணைப்புக் கோட்டைத் துவைக்கும்போது ரெண்டு விஷயம், பிளீச்சிங் பவுடர் போடக்கூடாது, சுடுவெயில்ல காயப்போடக்கூடாது. வெயில்ல இருக்க புற ஊதாக் கதிர் அந்தத் துணியோட நாரைக் கெடுத்துடும், நிழல்ல காத்தோட்டமா போடுங்க, நம்ம ஊரு காத்துக்கு சீக்கிரம் காய்ஞ்சிடும்.

வீட்டுக்கு வர்றது

காக்கியை ஸ்டேஷன்லயே துவைக்க முடிஞ்சா அதுதான் நல்லது. முடியலன்னா தனிப் பையில கட்டிக் கொண்டு வந்து தனியா ஊறப்போட்டு தனியா துவைக்கணும், பிள்ளைங்க துணியோட மெஷின்ல போடவே கூடாது, துவைச்சு முடிச்சதும் மெஷினை ஒருதடவை வெறும் தண்ணி விட்டு ஓட்டுங்க. கல்லுல அடிச்சுத் துவைக்குறவங்க கையுறை போட்டுக்கோங்க, முதல்ல நனைச்சிட்டு பிறகு உதறுங்க, காய்ஞ்ச துணியை உதறாதீங்க. எங்க வீட்டுல 31 வருஷம் என் காக்கியைத் துவைச்சது என் வீட்டுக்காரிதான், கிணத்தடியில கல்லுல அடிப்பா, கருப்புத் தண்ணி அப்படியே வாழை மூட்டுக்குப் போகும், அவ கையும் கருத்திருக்கும். அவகிட்ட அப்ப நான் ஒரு வார்த்தை சொல்லல, எனக்கே தெரியாது. இப்ப வருஷா வருஷம் அவளையும் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறேன்.

பிள்ளை வாசல்ல ஓடி வந்து கட்டிப்பிடிக்கும். குளிக்காம வந்திருந்தா தூக்காதீங்க, கஷ்டமாத்தான் இருக்கும், குளிச்சிட்டு வந்து தூக்குங்க. பைக் சீட்டையும் காரு சீட்டையும் ஈரத்துணியால துடைங்க.

ஸ்டேஷனுக்குள்ள

இது தீயோட சம்பந்தமே இல்லாத ஆபத்து, அதனால கண்ணுல படாது. காலையில வண்டி செக் பண்ணும்போது பிரேக்குக்கு ஏர் ஏறணும்னு ஷெட்டுக்குள்ளயே ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் உறும விடுவோம், பழைய வண்டின்னா ராத்திரி பூரா ஏர் லீக்காகி காலையில இன்னும் நேரம் ஆகும். பின்னாலயே படுக்கை ரூம், பக்கத்துலயே கோட்டு தொங்கும், அடுத்தாப்ல சமையல். டீசல் புகையை 2012-லயே ஐஏஆர்சி முதல் வகையில சேத்தாச்சு. ஸ்டார்ட் ஆனதும் ஏர் நகர்த்துற அளவு ஏறினா உடனே வண்டியை முற்றத்துக்கு எடுங்க, மிச்சம் ஏர் வெளிய நின்னு ஏறட்டும். லீக்கை மெக்கானிக்கை வச்சு அடைங்க, அதுக்கு எழுதிக் குடுங்க. படுக்கை ரூம் கதவை ஷெட்டுப் பக்கம் சாத்தி வையுங்க, கோட்டையும் கம்பூட்டையும் படுக்கை ரூமுக்குள்ள வைக்கவே கூடாது.

தீயணைக்க அடிக்குற நுரை, அந்த ஃபோம் பத்தியும் ஒரு வார்த்தை. ஃபுளோரின் கலந்த பழைய ஃபோம் கம்பவுண்டுல பிஎஃப்ஓஏன்னு ஒரு பொருள் இருந்துச்சு, 2023 கடைசியில அதையும் முதல் வகையில போட்டுட்டாங்க. எண்ணெய்த் தீக்கு ஃபோம் வேணும், அப்ப கையுறையோட எடுங்க, கேனைத் திறந்தா கை கழுவுங்க. ஏப்ரல் 14 தீத்தொண்டு வாரம் வரும்போது ஸ்கூல் பிள்ளைங்க முன்னால நுரை அடிச்சுக் காட்டுறதும் அதுக அதுல குதிச்சு விளையாடுறதும் வேண்டாம், தண்ணிய அடிச்சுக் காட்டினாலே பிள்ளைங்களுக்குச் சந்தோஷம்தான்.

குப்பைமேட்டுத் தீ, ரோட்டுப் புகை

வலம்புரிவிளை உரக்கிடங்கு மாதிரி குப்பைமேடு பிடிச்சா அது ஒரு மணி நேர வேலை இல்ல, உள்ளுக்குள்ள கனிஞ்சுக்கிட்டே இருக்கும், நாள்கணக்குல நிக்கணும். பிளாஸ்டிக், ரப்பர், ஒயர், பெயின்ட் டப்பான்னு எது எரியுதுன்னே தெரியாது. வெட்டவெளிதானேன்னு செட்டு மாட்டாம நிப்போம், அதுதான் தப்பு, அங்க நிக்கிற மணி நேரத்தைக் கூட்டிப் பாத்தா பத்து வீட்டுத் தீக்குச் சமம். ஆளை மாத்தி மாத்தி நிறுத்தச் சொல்லுங்க, ஜேசிபி ஓட்டுற தம்பிக்கும் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களுக்கும் வடிகட்டி வச்ச மாஸ்க்கு கேளுங்க, அவங்களை யாரும் கணக்குலயே எடுக்க மாட்டாங்க. ஃபைபர் படகு எரிஞ்சாலும் இப்படித்தான், சின்னமுட்டம், தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கம் வேலை பாக்குறவங்க கவனிங்க, அந்தக் கட்டிக் கருப்புப் புகையில ஸ்டைரீனும் கண்ணாடி நாரும் சேர்ந்து வரும், கடக்காத்து நிமிஷத்துக்கு ஒருதடவை திசை மாறும், நின்ன இடத்துலயே நிக்காதீங்க. அண்டி ஆபீஸ் தீயில முந்திரித் தோட்டு எண்ணெய் தோல்ல பட்டா பொத்துப் போகும், உடனே சோப்புத் தண்ணி.

போலீஸ்ல இருக்க பிள்ளைகளுக்கும் இதுல பாதி பொருந்தும். களியக்காவிளை செக்போஸ்ட்ல ராத்திரி பூரா லாரி வரிசை, எல்லாம் இன்ஜினை ஆஃப் பண்ணாம நிக்கும், அதுக்குப் பின்னால நிக்கிற கான்ஸ்டபிள் எட்டு மணி நேரம் டீசல் புகைதான் குடிக்கான். நிக்கிற லாரியை இன்ஜின் ஆஃப் பண்ணச் சொல்லுங்க, சைலன்ஸர் பக்கம் நிக்காம டிரைவர் பக்கம் நில்லுங்க. நைட் ஷிப்ட்டையும் புற்றுநோய்க்கு வாய்ப்பு உள்ளதுன்னு ரெண்டாம் வகையில சேத்திருக்காங்க, அது 108-ல ஓடுற தம்பிங்களுக்கும் சேத்துத்தான், டூட்டி முடிஞ்சு வந்தா ரூமை இருட்டாக்கி ஒழுங்கா தூங்குங்க.

உடம்பைப் பாக்குறது

பீடி, சிகரெட், முறுக்கான்ல போயிலை, இதை விடாம மேல சொன்னது எல்லாம் செஞ்சாலும் பாதி வீண். மூத்திரப்பை புற்றுநோய்க்குப் பெரிய காரணமே புகைதான். ஆஸ்பெஸ்டாஸ் நார் உள்ள போனவன் சிகரெட்டும் குடிச்சா நுரையீரலுக்கு வர்ற ஆபத்து கூட்டல் கணக்கு இல்ல, பெருக்கல் கணக்கு.

கால் முடிஞ்சு வந்தா நல்லா தண்ணி குடிச்சு மூத்திரத்தை அடக்காம போங்க. வருஷத்துக்கு ஒருதடவை மூத்திரப் பரிசோதனை, சாதாரண லேப்லயே செய்யலாம், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் காட்டும். கண்ணுக்குத் தெரிஞ்சா, ஒரே ஒருதடவைன்னாலும், வலி இல்லன்னாலும், மறுநாளே டாக்டர்கிட்ட போங்க, அதுக்கு நடுவுல இளநீரும் வேண்டாம் நன்னாரியும் வேண்டாம். குளிக்கும்போது மாசத்துக்கு ஒருதடவை விதைப்பையை ரெண்டு விரலால உருட்டிப் பாருங்க, கடினமா ஒரு முடிச்சு தட்டுப்பட்டா வெக்கப்படாம காட்டுங்க, சின்ன வயசுப் பசங்களுக்குத்தான் இது அதிகம், சீக்கிரம் பாத்தா முழுசா குணமாகுற நோய். மூணு வாரத்துக்கு மேல போகாத இருமல், மூச்சு வாங்குறது, நெஞ்சுல ஒருபக்கம் வலி, மலத்துல ரத்தம், காரணம் இல்லாம எடை குறையுறது, ஆறாத வாய்ப்புண், இதெல்லாம் தள்ளிப்போடக் கூடாதது. 45 தாண்டினா குடலுக்கும் 50 தாண்டினா புராஸ்டேட்டுக்கும் என்ன டெஸ்ட்டு பாக்கணும்னு டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் பக்கம்தான், நெய்யூர்லயும் புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி இருக்கு, பெரிசா பாக்கணும்னா திருவனந்தபுரம் ஆர்சிசி, நம்ம ஆளுங்க பல வருஷமா போற இடம். எங்க போனாலும் டாக்டர் "என்ன வேலை"ன்னு கேட்டா "கவர்மென்ட் வேலை"ன்னு சொல்லிடாதீங்க, அதுதான் நம்ம வழக்கம். "தீயணைப்புல இத்தனை வருஷம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு எரிஞ்ச தீ எத்தனையோ பாத்திருக்கேன்"னு சொல்லுங்க, அந்த ஒரு வரியில அவர் பாக்குற பார்வையே மாறும்.

ஒரு நோட்டு

கனடாவுல மானிடோபா மாகாணம் 2002-ல ஒரு சட்டம் போட்டுச்சு, இத்தனை வருஷம் தீயணைப்பு வேலை பாத்தவனுக்கு இன்ன புற்றுநோய் வந்தா அது வேலையால வந்ததுன்னே எடுத்துக்கணும், அவன் நிரூபிக்க வேண்டாம். நமக்கு அந்த நிலைமை இல்ல, நாளைக்கு ஒண்ணு கேக்கணும்னா காகிதம் நம்ம கையில இருக்கணும். ஸ்டேஷன் ரெக்கார்டுல வண்டி எப்பப் போச்சு எப்ப வந்துச்சுன்னு இருக்கும், நீங்க உள்ள எத்தனை நேரம் நின்னீங்க, முகமூடி இருந்துச்சா, மேல என்ன ஷீட்டு, அது இருக்காது. அதனால ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்க. தேதி, இடம், என்ன எரிஞ்சுது, எத்தனை மணி நேரம், செட்டு மாட்டினேனா, கூட யார் யார், வந்து குளிச்ச நேரம், ரெண்டு நாள் கழிச்சு இருமல் கிருமல் இருந்துச்சா. ரெண்டு நிமிஷம்தான் ஆகும். உதாரணத்துக்கு, "தும்பு ஆலை, ஷீட்டுக் கூரை வெடிச்சுது, 4 மணி நேரம், முதல் 25 நிமிஷம் மட்டும் செட்டு, பிறகு தோர்த்து" இப்படி எழுதினா போதும். லேப் ரிப்போர்ட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாத்தையும் அதுக்குள்ளயே சொருகி வையுங்க. ரிட்டயர்டு ஆன அண்ணாச்சிமார் இப்பவே உக்காந்து ஞாபகம் இருக்க பெரிய தீயையெல்லாம் எழுதுங்க, வருஷம் சரியா வரலன்னா கூட வேலை பாத்தவனுக்கு ஒரு ஃபோன் போடுங்க, நான் அப்படித்தான் எழுதினேன், 40 பக்கம் வந்துச்சு.

நோட்டு எங்க இருக்குன்னு வீட்டுல இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும். என்னோடது அலமாரியில, ரேஷன் கார்டும் பென்ஷன் புக்கும் வச்சிருக்க அதே கவர்ல இருக்கு, என் வீட்டுக்காரிக்கும் மூத்த மகளுக்கும் தெரியும்.